இரண்டாவது கப்பல் வராத தொடர்

இரண்டாவது கப்பல் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

போன மாதம் முழுக்க நம் லைன் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சுதானே? "அந்த ரெண்டாவது கப்பல் வர்ற பகுதியை யாராவது தேடிப் போடுங்கப்பா" என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தோம். தேடினேன். அந்தப் பழைய இந்தி விண்வெளித் தொடர் முழுவதும் இணையத்தில் இருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் பழைய வீடியோ கேசட்டிலிருந்து ஏற்றி வைத்திருக்கிறார். முதல் பகுதியின் தலைப்பு இசையிலிருந்து கடைசிப் பகுதியின் பெயர் வரிசைவரை பார்த்தேன். நடுவில் கண் அசந்துவிட்டேனோ என்று மறுபடியும் பார்த்தேன். ஒரே ஒரு கப்பல்தான். அது கிளம்புகிறது, ஒரு கிரகத்தில் இறங்குகிறது, திரும்பி வருகிறது.

ஒருத்தருக்கு நினைவு பிசகலாம், வயது அப்படி. ஆனால் நாம் அத்தனை பேரும் எப்படி ஒரே மாதிரி பிசகினோம்? தையல்காரர் மகளே, நீதானே அந்தக் கப்பலைச் சிலேட்டில் வரைந்து பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாய்? கோடி வீட்டுக்காரனே, நீதானே பவுடர் டப்பாவில் ஓட்டை போட்டு, ஊதுவத்தியைச் செருகி, புகை விட்டுக் காட்டினாய்? அது வரும் வரும் என்று ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்தோம். இல்லாத கப்பலுக்கு யார் நம்மைக் காத்திருக்க வைத்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. அதனால்தான் குழுவில் இரண்டு வரி போடாமல் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் நாள் கிழமை பார்த்துப் பேசுகிற ஆள் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே வரிசையாகவே சொல்கிறேன். அது எண்பதுகளின் பின்பாதி. கரகத் திருவிழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடர் ஆரம்பித்தது. இல்லை, பள்ளி திறந்த பிறகுதான் என்று குழுவில் ஒருவர் வாதாடினார். அன்றைக்கு அவர் கையில் கரகத்தில் வாங்கிய பீப்பீ இருந்தது, வீட்டுக்காரம்மா அதைப் பிடுங்கி அலமாரிமேல் வைத்தார், அவர் அழுதார். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பெங்களூரு ஜோகுபாளையத்தில் அந்த ஒரே வாசல், நடுவில் ஒரே குழாய், இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள். தெருவைப் பார்த்தாற்போல் வீட்டுக்காரம்மாவின் மாடி வீடு. டிவி அங்கே மட்டும்தான். அதற்கு ஒரு மரப்பெட்டி, பெட்டிக்கு இழுத்து மூடும் கதவு, கதவுக்குப் பூட்டு. திரைக்கு முன்னால் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு மாட்டியிருக்கும், கண்ணுக்கு நல்லதாம். அதனால் நமக்கு அந்தக் கப்பல், கேப்டன், நட்சத்திரம் எல்லாமே நீலம். இப்போது பார்த்தால் கப்பலின் சுவர் பளீரென்ற ஆரஞ்சு. தானாகத் திறக்கும் கதவு என்று நாம் வாய் பிளந்தோமே, அதை மறைவிலிருந்து இழுக்கிறவரின் விரல்கள் நன்றாகத் தெரிகின்றன. இந்த மாதிரி சின்னச் சின்ன அதிர்ச்சிகளோடுதான் பார்க்க ஆரம்பித்தேன். சிரித்துக்கொண்டே பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரம்மா வீட்டு வாசலில் ரப்பர் செருப்புகள் குவிந்துவிடும். உள்ளே சிமென்ட் தரையின் குளிர்ச்சி, சாம்பிராணி வாசனை, அடுப்பங்கரையிலிருந்து குழம்பு கொதிக்கும் வாசனை. மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்புவார். "வந்துச்சா?" "இல்ல, இன்னும் கொஞ்சம்!" "இப்ப?" "போச்சு, போச்சு, பழையபடியே வை!" லைனில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான். பிள்ளைகள் முன்னால், அம்மாக்கள் சுவரோரம், வீட்டுக்காரம்மா கட்டிலில், அவர் மகன் பிரம்பு நாற்காலியில்.

முதல் வாரம் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கடைத்தெரு உருது நம் ஆட்கள் பலருக்குக் கொஞ்சம் வரும். ஆனால் தொடரில் பேசியது சமஸ்கிருதம் ஊறிய இந்தி. வீட்டுக்காரம்மா மகனே கையை விரித்துவிட்டார்.

"இது சுத்த இந்தி. நம்ம மார்க்கெட்ல பேசறது இல்ல. ஆக்சிஜன்கிறதைத் தவிர ஒண்ணும் பிடிபடல."

அப்போதுதான் வீட்டுக்காரம்மா பெருமையாக உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "ஏம்மா, இங்க வா. நம்ம மருமகளுக்குத் தெரியாத இந்தியா? இதுங்களுக்கு ஸ்வல்ப எடுத்துச் சொல்லு."

நாக்பூர் அக்காவை நாம் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். தை மாதம் கல்யாணமாகி வந்தவர். அவர் அப்பாவுக்கு நாக்பூரில் ரயில்வே வேலை, பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேயே. மற்ற நாட்களில் அவர் கண்ணில் பட மாட்டார். அவர்கள் வீட்டுக்குத் தனிக் குழாய் என்பதால் குழாயடிக்கு வரவேண்டியதில்லை. மாடியில் துணி உலர்த்தும்போது கொடிக்குப் பின்னால் வளையல் தெரியும். "மாடி வீட்டு மருமக, நம்மகிட்டல்லாம் பேசுவாளா?" என்று லைனில் பெண்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்.

அவர் கையைத் துடைத்தபடி வந்து அடுப்பங்கரை நிலைப்படி ஓரமாக உட்கார்ந்தார். திரையைப் பார்த்துக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். "பூமியிலேர்ந்து கிளம்பிட்டாங்க. ரொம்ப தூரம் போறாங்க. அந்த வெள்ளைக் கோட்டு போட்ட பொண்ணு ஒருத்திதான் அதுல பொண்ணு. மத்தவங்க எல்லாரும் அந்தக் கப்பல்காரங்க."

குரல் சரியாகக் கேட்கவில்லை என்று வீட்டுக்காரம்மாவே டிவியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். "புரியாத இந்தி எதுக்கு? இவ சொல்றதைக் கேப்போம்." அன்றிலிருந்து நாம் பார்த்தது அந்தத் தொடரை, கேட்டது நாக்பூர் அக்காவை.

கதை உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பெண் வீட்டுக்குத் தகவல் அனுப்ப நினைக்கிறாள், கேப்டன் விடவில்லை. "அவளுக்கு வர்ற தபாலையும் அவரே வாங்கிப் பூட்டி வெச்சுடறாராம்" என்றார் அக்கா. அந்த மீசைக் கேப்டனை நாம் எப்படி வெறுத்தோம்! அவர் திரையில் வந்தாலே கோடி வீட்டுக்காரன் "தூ" என்பான். இன்னொரு வாரம்: "சாப்பாடு ஒரு வேளைதானாம். கப்பல்ல அரிசி குறைஞ்சு போச்சுன்னு சொல்றாங்களாம். ஆனா குறையலையாம்."

"த்சொ, த்சொ" என்றார் வீட்டுக்காரம்மா. "பாவம் அந்தப் பொண்ணு. மனுஷங்களா இவங்க?"

என் அம்மா அந்த வயதில் சினிமாவுக்குக்கூட அதிகம் போனவர் இல்லை. அவர் கேட்ட கேள்விகளால் எனக்கு மானம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கப்பல் எரிகற்களுக்கு நடுவே ஆடிக்கொண்டிருக்கிறது, நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், அம்மா சுவரோரத்திலிருந்து கேட்கிறார்: "ஏம்மா, அந்தப் பொண்ணுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லியா?"

வீட்டுக்காரம்மா மகன் நாற்காலி குலுங்கச் சிரித்தார். "அக்கா, ராக்கெட்டுல போறவளுக்கு அண்ணன் தம்பி இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? பஸ் ஏறி வந்து கூட்டிக்கினு போகப்போறானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அம்மாவைத் தெரியாதவள்போல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். நாக்பூர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "அதையும்தான் சொல்றாங்க. பூமியில இன்னும் ரெண்டு கப்பல் இருக்காம். பெரியவர் ஓட்டற கப்பல் வேண்டாமாம். அவர் வந்தா நல்ல வார்த்தை சொல்லி, சமாதானம் பண்ணி, இவளை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவாராம். சின்னவர் ஓட்டற ரெண்டாவது கப்பல்தான் வரணுமாம்."

இப்படித்தான் இரண்டாவது கப்பல் நம் வாழ்க்கைக்குள் வந்தது.

அடுத்து அந்த எண் வந்த வாரம். வெள்ளைக் கோட்டுப் பெண் ஒரு பெரிய வட்டத் திருகைத் திருப்புகிறாள். "இதுதான் ரெண்டாவது கப்பலைக் கூப்பிடற எண். மறக்கக் கூடாதுன்னு திரும்பத் திரும்பச் சொல்றா" என்று அக்கா ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். நாம் மனப்பாடம் செய்தோம். நொண்டி ஆடும்போது, கயிறு தாண்டும்போது, பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அந்த எண்ணைக் கத்தினோம். மாடி வீட்டின் கீழே நின்றும் கத்தினோம். எனக்கு இன்றும் தலைகீழாகத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. அம்மா எனக்குத் தலை வாரிவிடும்போது, "அந்த ராக்கெட் நம்பரைச் சொல்லு பார்க்கலாம்" என்றார். சொன்னேன். "நிதானமா இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். அம்மாவுக்கும் ஒருவழியாக விஞ்ஞானத்தில் அக்கறை வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

பிள்ளையார் சதுர்த்தி முடிந்து, பந்தல் பிரித்த கம்புகள் தெருமுனையில் அடுக்கிக் கிடந்த நேரம். பள்ளி விட்டு வரும்போது தெருமுனையில் ஓர் ஆட்டோ. அதில் நாக்பூர் அக்கா, பக்கத்தில் முன்பின் தெரியாத ஓர் இளைஞர். அக்கா என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. ஆட்டோ போய்விட்டது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக வீட்டுக்காரம்மா சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் போய் நின்றபோது டிவிப் பெட்டி பூட்டிக் கிடந்தது. "ரிப்பேர்" என்றார்கள். தொடரின் முடிவை நம்மில் ஒருவரும் பார்க்கவில்லை. தீபாவளிக்கு முன்பே நாங்கள் லிங்கராஜபுரத்துக்குக் குடிபோய்விட்டோம். ஏன் சொல்லிக்கொள்ளாமல் போனீர்கள் என்று குழுவில் கேட்டீர்கள். அப்போது எனக்கும் தெரியாது. அங்கே வாடகை குறைவு, தனி பாத்ரூம் உண்டு என்று அப்பா சொன்னார். உங்களையெல்லாம் பிரித்துவிட்டாரே என்று அவரோடு நான் எத்தனையோ நாள் பேசாமல் இருந்தேன். அந்தக் கசப்பு அவர் போகும்வரை எனக்குள் ஓர் ஓரத்தில் இருந்தது.

இனி இப்போதைய கதை.

நடுவில் சில வருடம் வங்கி வேலையில் என்னைப் போபாலுக்குத் தூக்கிப் போட்டார்கள். அங்கே வாடிக்கையாளர்கள் திட்டித் திட்டியே நான் இந்தி கற்றுக்கொண்டேன். ஆகவே இந்த முறை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. முதல் பகுதி ஏறத்தாழ அக்கா சொன்னதுபோலவே இருந்தது. பிறகுதான் காதை நம்ப முடியவில்லை. அந்தக் கேப்டன் சாதுவான மனிதர். அவளிடம் அதட்டி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாம் வெறுத்த வாரத்தில் அவர் தன் காப்பியை அவளுக்குக் கொடுத்துவிட்டு நட்சத்திரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். தபால் இல்லை, பூட்டு இல்லை. அரிசி என்ற பேச்சே இல்லை. எரிகற்கள் வருகிற பகுதியில் அந்தப் பெண் பேசுவது முழுக்க வெப்பநிலை. திருகைத் திருப்பும் காட்சியில், "ஆக்சிஜன் குறைகிறது, எல்லோரும் அமைதியாக இருங்கள்" என்கிறாள். எண் எதையும் அவள் சொல்லவில்லை. ஒரே ஓர் இலக்கம்கூட.

படத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன். அவருக்கு இந்தி தெரியும், நம்மைவிட, அந்தத் தொடரை எழுதியவரைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தும் வாரா வாரம் வேறொன்றைச் சொல்லியிருக்கிறார். கணவரும் மாமியாரும் பக்கத்தில் இருக்க, முப்பது பேர் முன்னால், சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு. நாம் முறுக்கு தின்றபடி கேட்டிருக்கிறோம்.

மறுநாள் காலையே லிங்கராஜபுரத்துக்குப் போனேன். அவரைக்காய்க் காலம். அம்மா செய்தித்தாளை விரித்துப் போட்டு, ஊறவைத்த அவரைக் கொட்டையைத் தோல் நீக்கப் பிதுக்கிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன்: "அம்மா, நாக்பூர் அக்கா சொன்னது எதுவும் டிவில இல்ல. அவங்க அவங்களைப் பத்தியே சொல்லியிருக்காங்க."

அம்மா நிமிரவே இல்லை. "அது தெரியுமே."

"தெரியுமா?"

"ராக்கெட்டுக்கு எந்தத் தபால்காரன்டி வர்றான்?" என்றார் அம்மா. "தபாலைப் பூட்டி வெச்சுக்கிறான்னு சொன்ன அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீங்கல்லாம் பள்ளிக்கூடத்துல படிக்கிற பசங்க, வாயைப் பொளந்துக்கினு பார்த்தீங்க."

"அப்ப, அண்ணன் தம்பி இல்லியான்னு நீ கேட்டது..."

"வேற எப்படிக் கேக்கறது? ஒரு பக்கம் மாமியாரு, ஒரு பக்கம் புருஷன். அவ டிவியைப் பார்த்துச் சொன்னா, நானும் டிவியைப் பார்த்துக் கேட்டேன். நீகூடத்தான் சிரிச்ச."

அம்மாவே தொடர்ந்தார். என் வாயிலிருந்து எடுத்த எண்ணோடு, கொத்தமல்லி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அல்சூர் மார்க்கெட் பக்கம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போயிருக்கிறார். "யார் எடுக்கறாங்கன்னே தெரியாது. எனக்கு இந்தி வராது. 'தங்கச்சி, பெங்களூரு, தங்கச்சி, பெங்களூரு'ன்னு கத்தினேன். பூத்துல நின்னவங்கல்லாம் என்னைப் பைத்தியம்னு பார்த்தாங்க. அப்புறம் அந்தப் பக்கம் தமிழ்ல, 'அம்மா, நீங்க யாரு பேசறது'ன்னான். அழுதுட்டேன்டி."

பூத்துக்காரர் வீட்டுக்காரம்மா மகனுக்கு தோஸ்து. விஷயம் தெரிந்துவிட்டது, வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். "அப்பா என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டேன். "இன்னா சொல்வாரு? முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருந்தா நானே போய்ப் போன் பண்ணியிருப்பேனேன்னாரு. பசங்ககிட்ட சொல்லாத, அதுங்க லைன் பூரா சொல்லிடும்னாரு. வாடகை கம்மின்னு சொல்லிக்கலாம்னு அவர்தான் சொன்னாரு."

அப்பாவின் படம் எதிர்ச் சுவரில்தான் இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இத்தனை வருஷத்துல ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ கேட்டியா?"

நியாயம்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டேன், அவரைத் தோல் என் புடவையெல்லாம் ஒட்டியது. "சரி, அந்த வெள்ளைக் கோட்டுப் பொண்ணு முகம் மறந்துபோச்சு, காட்டு" என்றார். ஐபேடை மடியில் வைத்துக் காட்டினேன். ஆரஞ்சுச் சுவரைப் பார்த்து "இன்னாடி இது, ஓட்டல் மாதிரி கீது" என்றார். கதவை இழுக்கிற விரல்களைக் காட்டியபோது நன்றாகச் சிரித்தார். ஒவ்வொரு காட்சிக்கும் அவள் உண்மையில் என்ன சொல்கிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

பிறகு அம்மா சொன்னார்: "கையைச் சுட்டாங்களே, அந்த வாரத்தைப் போடு."

எனக்கு அது தெரியாது. ஆனி மாதக் கடைசியில் அம்மை போட்டு நான் வீட்டுக்குள் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகவில்லை. அன்றைக்கா என்று கேட்டேன். ஆமாம், பக்கத்து வீட்டம்மாவை எனக்குக் காவல் வைத்துவிட்டு அவர் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாராம். "எதுத்துப் பேசினான்னு கையைப் புடிச்சு, கொதிக்கற குழாய்மேல வெச்சு அழுத்திட்டாங்கன்னு சொன்னா. கேக்கவே முடியல. வீட்டுக்காரம்மாகூட எழுந்து உள்ள போயிட்டாங்க. அதைப் போடு."

தேதி வைத்துப் பார்த்தால் எந்தப் பகுதி என்று கண்டுபிடிப்பது எனக்குப் பெரிய காரியம் இல்லை. போட்டேன். அந்தப் பகுதியில் வெள்ளைக் கோட்டுப் பெண் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு செடி வளர்க்கிறாள். அது துளிர்க்கிறது. கேப்டன் கைதட்டுகிறார்.

"இது இல்ல" என்றார் அம்மா. "அடுத்ததா இருக்கும்."

அடுத்ததையும் அதற்கு முந்தியதையும் ஓட்டிக் காட்டினேன். "அப்படி ஒரு காட்சியே இல்லம்மா. தொடர்லயே இல்ல."

"நல்லாப் பாரு."

"ரெண்டு தடவை முழுசாப் பார்த்துட்டேன்."

அம்மா என் கையிலிருந்து ஐபேடை வாங்கி, அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தபாலு அவளோடதுன்னு தெரிஞ்சது" என்றார் கடைசியில். "பசி அவளோடதுன்னு தெரிஞ்சது. இதெல்லாம் எந்த வீட்லயும் நடக்கறது, நம்பிட்டேன். கையைச் சுட்டாங்கன்னதும், சீச்சீ, மனுஷன் செய்வானா, இது டிவிக்காரன் எழுதினதுன்னு நினைச்சுக்கினேன். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்."

வரிசையை விடாத என் புத்தி அந்த நேரத்திலும் வேலை செய்தது. ஆனிக் கடைசிக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் நடுவில் எத்தனை ஞாயிறு என்று எண்ண ஆரம்பித்தேன். நான் எண்ணுவது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"எண்ணாத" என்றார். "அத்தனை ஞாயித்துக்கிழமையும் நான் முதல் ஆளாப் போய் உக்காந்து, அடுத்தது இன்னா ஆச்சு, அடுத்தது இன்னா ஆச்சுன்னு அவகிட்ட கதை கேட்டேன்டி."